கொட்டையுடைக்கும் மரப்பாவை: செதுக்கலும் செப்பனிடலும்

மரத்தாலாகிய போர்வீரன் ஒருவன் வாய் திறந்து நிற்கின்றான். அவன் வாயில் ஒரு கொட்டையை இட்டு, முதுகின் பின்னே நீண்டிருக்கும் பிடியைக் கீழே அழுத்தினால், தாடை மேலெழுந்து ஓட்டை நொறுக்குகின்றது. ஐரோப்பிய நாடுகளிற் கிறிஸ்துமஸ் காலத்திற் பெரிதும் காணப்படும் இத்தகைய பாவை யொன்றை எம் வீட்டின் பின்கட்டிற் செப்பனிட முயன்றோம். அம்முயற்சியில் யாம் கற்றன சில, கெடுத்தன சில. அவ்விரண்டையும் நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கற்றவை பிறர்க்குப் பயன்படுதல் போலவே கெடுத்தவையும் பயன்படும் என்பது எம் துணிபு.

பெயர்

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதும். மண்ணை வெட்டுங் கருவி மண்வெட்டி எனவும், பாக்கை வெட்டுங் கருவி பாக்குவெட்டி எனவும் வழங்கும். இவற்றின் இறுதியில் நிற்கும் இகர விகுதி கருவிப் பொருளை உணர்த்துகின்றது. அம்முறையே நோக்கின் இப்பாவையைக் 'கொட்டையுடைப்பி' என்றல் பொருந்தும். ஆயினும் யாம் 'கொட்டையுடைப்பான்' என்றே வழங்கத் துணிந்தோம். ஆன் விகுதி உயர்திணை ஆண்பாற்கு உரியதன்றோ எனின், ஆம். மீசையும் தாடியும் உடைவாளும் தாங்கி விறைத்து நிற்கும் ஒருவனை அஃறிணையென்று தள்ள எமக்கு மனம் வரவில்லை.

வரலாறு

செர்மனி நாட்டின் சாக்சனி மாநிலத்திற்கும் பொகீமியா நாட்டிற்கும் இடையே எர்ட்ஸ்கெபிர்கே என்னும் மலைத்தொடர் உளது. அப்பெயர்க்குத் 'தாதுமலை' என்பது பொருள். வெள்ளியும் வெள்ளீயமும் பல நூற்றாண்டுகளாக ஆண்டு அகழப்பட்டன. சுரங்கங்களில் தாது அருகிய காலத்து, அங்கு வாழ்ந்த குடிகள் வயிறு வளர்ப்பதற்கு வேறு தொழில் நாடினர். மலையெங்கும் காடு இருந்தமையின் மரக்கடைசல் அவர்க்குக் கைகொடுத்தது. அம்மலையூர்களுள் சைஃபன் என்பது பொம்மைத் தொழிலாற் பெயர்பெற்றது. அவ்வூரினராகிய வில்கெல்ம் ஃபூக்ட்னர் என்பார் 1870-ஆம் ஆண்டளவிற் கடைசலிற் கடைந்து அமைத்த பாவையே, இன்று உலகெங்கும் காணப்படும் வடிவுக்கு முன்மாதிரி என்பர். அரசன், படைவீரன், காவலன் என அதிகாரம் படைத்தோர் வடிவங்களே பெரும்பாலும் அப்பாவைகளுக்கு அமைந்தன. எளிய மக்களுக்காக வலிய கொட்டைகளைக் கடிக்கும் வேலையை அதிகாரிகளுக்கே அளித்த நகைச்சுவையை யாம் வியக்கின்றோம். அம்மலைநாடு தன் சுரங்கத்தொழிற் பெருமை கருதி 2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது.

இப்பாவைக்கு இலக்கியப் புகழும் உண்டு. எ. தெ. அ. ஹாஃப்மன் என்னும் செர்மானிய ஆசிரியர் 1816-இல் கொட்டையுடைப்பானையும் எலியரசனையும் பற்றி ஒரு கதை எழுதினார். அக்கதையைத் தழுவி உருசிய நாட்டு இசைவாணராகிய சைக்கோவ்ஸ்கி இசையமைத்த நாட்டிய நாடகம் 1892-ஆம் ஆண்டு டிசம்பரிற் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. கதையிலும் பாவையின் தாடை உடைகின்றது. சிறுமி யொருத்தி அதனைப் பேணுகின்றாள். உடைதற்கு உரிய இடம் தாடையே என்பது அற்றைநாளிலும் அறியப்பட்டிருந்தது போலும்!

நம் நாட்டு உறவினர்

இனி, இக்கருவிக்கு நந்தமிழ்நாட்டில் உறவினர் இல்லையோ எனின், பாக்குவெட்டியே நெருங்கிய உறவினன். இரும்பாலும் பித்தளையாலும் அமைந்து, கிளியும் மயிலும் குதிரையுமாக உருவங் கொண்ட பாக்குவெட்டிகள் நம் பாட்டிமார் சுருக்குப்பையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் வாழ்ந்தன. பாக்கு மெல்லுதல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூல் உறுதியாகக் கூறியுள்ளது. ஆதலின், அவ்வழகிய கருவி தன் தொழிலை விட்டு ஓய்வுபெறுதலே நன்று.

மரப்பாவைத் தொழிலிலும் நாம் வறியரல்லேம். கொலுவில் இணையாக நிற்கும் மரப்பாச்சி செம்மரத்தாற் செய்யப்பட்டு வந்தது. அம்மரம் அருகிவிட்டமையின் அதன் வாணிகம் இப்பொழுது சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர் சிறுமியர் விளையாடுஞ் செப்புச் சாமான்களைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றுகின்றனர். மைசூர் நாட்டுச் சன்னபட்டணத்தார் வெட்பாலை மரத்தில் அவ்வாறே பொம்மை செய்கின்றனர். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்திற் பற்றிக்கொள்ளுதலே அவ்வண்ணத்தின் மருமம். சைஃபன் ஊராரும் அம்பாசமுத்திரத்தாரும் ஒருவரை யொருவர் கண்டிலராயினும், கடைசற் பட்டறையின் முன் இருவரும் ஓரினத்தாரே.

எம் வீட்டுப் பாவை

எம் ஊர் திருநின்றவூர்; சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. எம் பாட்டனார்க்கு அவர்தம் ஆசிரியர் ஒருவர் கிறிஸ்துமஸ் பரிசாக ஈந்த கொட்டையுடைப்பான் ஒன்று எம் வீட்டில் இருந்தது. உயரம் பதினான்கு அங்குலம், செந்நிறச் சட்டை, கருநிறத் தொப்பி, முயல்மயிர்த் தாடி. பாட்டனார் ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில் அதனைப் பெட்டியினின்று எடுத்து, வேர்க்கடலை உடைத்து எமக்குத் தருவார். அவர் காலஞ்சென்ற பின்னர்ப் பாட்டியார் அதனைத் தாழ்ந்த அலமாரி யொன்றில் வைத்திருந்தார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழையில் எம் வீட்டினுள் வெள்ளம் புகுந்தது. எமக்கு அப்பொழுது ஒன்பது வயது. நீர் வடிந்தபின் பாவையைக் கண்டோம், கைகள் வேறு, கால்கள் வேறாகப் பிரிந்து கிடந்தன, தாடி போயிற்று, தாடை அச்சுத்துளையின் நடுவே பிளந்திருந்தது. பாட்டியார் அவ்வுறுப்புக்களை ஒரு துணியில் முடிந்து பரண்மேல் வைத்தார். பத்து ஆண்டுகள் அம்முடிச்சு அவிழவில்லை.

சென்ற விடுமுறையில் அதனை யாம் அவிழ்த்தோம். எம் பெரியப்பா நாற்பது யாண்டு தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவர். கை நடுக்கத்தால் உளி பிடித்தலை நிறுத்திவிட்டவர். அவருடைய உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, அரம், துரப்பணம், சிறுவாள் ஆகிய யாவும் பின்கட்டில் துருவேறாமல் எண்ணெயிட்டு வைக்கப்பட்டிருந்தன. கருவி அவருடையது, கை எம்முடையது. இதுவே எம் பட்டறை.

நெம்புகோலின் இயல்பு

பாவையின் உயிர்நிலை அதன் நெம்புகோலே. தாடையும் முதுகுப்பிடியும் ஒரே மரத்துண்டாகி, உடலின் குறுக்கே செல்லும் ஓர் அச்சிற் சுழலுகின்றன. அச்சு ஆதாரம்; கொட்டை பளு; கை தருவது விசை. ஆதாரம் நடுவே நிற்ப, பளு ஒருபுறமும் விசை மறுபுறமும் அமைதலின் இது முதல்வகை நெம்புகோல். பாக்குவெட்டியிலோ ஆதாரம் ஒரு முனையிலும், பாக்கு நடுவிலும், கை மறு முனையிலும் அமைதலின் அஃது இரண்டாம்வகை. எம் பாவையில் அச்சிலிருந்து பல்வரிசை வரை ஒன்றேகால் அங்குலம். அச்சிலிருந்து பிடியின் நுனி வரை ஆறேகால் அங்குலம். ஆகவே கை தரும் விசை கொட்டையின்மேல் ஐந்து மடங்காகும். ஐந்து கிலோ எடைக்கு நிகராகக் கை அழுத்தின், இருபத்தைந்து கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் கொட்டையைத் தாக்கும். அவ்விசை முழுவதும் அச்சுத்துளையின் அருகே நெம்புகோலை வளைக்க முயல்கின்றது. துளையிட்டமையால் அவ்விடத்தில் மரமும் குறைவு. தாடை அங்கேயே பிளந்தமைக்குக் காரணம் இதுதான்.

முதற் பிழை

இவ்வளவும் பின்னர் அறிந்தது. முதலில் யாம் செய்தது யாதெனில், கிடைத்த பெட்டிப் பலகையில் தாடையின் வடிவை வரைந்து, வாளால் அறுத்து, அரத்தால் தேய்த்து, அச்சிற் கோத்துவிட்டோம். காண்டற்கு இனிதாயிருந்தது. ஓர் அக்ரோட்டுக் கொட்டையை வாயிலிட்டு அழுத்தினோம். கொட்டை உடையவில்லை, தாடை இரண்டாயிற்று.

பெரியப்பா அத்துண்டுகளைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். "தம்பி, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மரத்தைக் கேட்டாயா?" என்றார்.

கேட்கவில்லை. மரம் என்பது நெடுக்கே ஓடும் நார்களின் கட்டு. நாரை அறுத்தல் அரிது. நாரும் நாரும் பிரிதல் எளிது. விறகு பிளப்போர் யாவரும் இதனை அறிவர். எம் தாடையில் நார்கள் நெம்புகோலின் நீளத்திற்குக் குறுக்கே ஓடின. ஆதலின் அது விறகுபோற் பிளந்தது. நெம்புகோலின் நீளமும் நாரின் ஓட்டமும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதற் பாடம்.

மரம் தெரிதல்

அடுத்துப் பெரியப்பா பூவரசங் கட்டை யொன்றைத் தந்தார். பூவரசு இறுகிய நார் உடையது, உளிக்கு இணங்குவது, எளிதிற் பிளவாதது. வெட்டிய பச்சை மரத்தை உடனே செதுக்கலாகாது. உலருங்கால் மரம் நீளத்திற் சுருங்குவது மிகச் சிறிது; அகலத்திலேயே பெரிதுஞ் சுருங்கும். அதனாற் பச்சைமரத்திற் செய்த பாவை சில திங்களிற் பிளவு காட்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓர் ஆண்டு நிழலில் உலர்த்தல் வேண்டும் என்பது தச்சர் வழக்கு.

உலர்ந்த மரமும் மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிச் சிறிது பருக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டுக் கதவுகள் நிலையில் இறுகுவதை யார் அறியார்? ஆதலின் தாடைக்கும் அது நுழையும் பிளவுக்கும் இடையே இருபுறமும் அரை நூல் இடம் விடுதல் வேண்டும். எட்டு நூல் கொண்டது ஓர் அங்குலம். அவ்வரை நூல் இல்லையெனின், கோடையில் நன்கு அசைந்த தாடை கிறிஸ்துமஸ் வருங்காற் பிடித்துக்கொள்ளும்.

செதுக்குமுன் வரைதல்

உளியைத் தொடுமுன் பக்கத்தோற்றம் ஒன்றும் முன்தோற்றம் ஒன்றுமாக முழு அளவிற் காகிதத்தில் வரைந்தோம். எம் ஊர்க்கு இதில் ஒரு பெருமை உண்டு. கோயில் கட்டப் பொருளின்றி, மனத்தின்கண்ணே கல்லும் மரமும் தேடி, அடிமுதல் முடிவரை கோயிலொன்றை எழுப்பிய பூசலார் திருநின்றவூரினர். அரசன் காஞ்சியில் எடுத்த கற்றளியினும் அம்மனக்கோயிலையே இறைவன் முன்னர் விரும்பினான் என்பது சேக்கிழார் உரைக்கும் வரலாறு. அதன் பத்திச் சுவையை யாம் இங்கு ஆராயவில்லை. தொழில் முறையை மட்டும் நோக்குகின்றோம். மனத்தில் முற்றுப்பெறாத பொருள் கையில் முற்றுப்பெறுவதில்லை. தாடை முழுதும் திறந்துழி அதன் பின்பகுதி உடலில் எங்கே முட்டும் என்பதைக் காகிதத்திற் கண்டுகொண்டமையால் ஒரு மரத்துண்டு வீணாகாமற் பிழைத்தது.

இரண்டாம் நெம்புகோலைப் பூவரசில் நாரறிந்து செதுக்கினோம். பருவெட்டு உளியால் மிகுதி நீக்கி, இழைப்பு உளியால் வடிவு திருத்தி, பற்களை மெல்லிய உளியாற் கீறி, உப்புத்தாளால் மெருகிட்டோம். அச்சுத்துளையை இறுதியில் இடாமல், கட்டை சதுரமாயிருக்கும்பொழுதே முதலில் இட்டோம். வளைந்த பரப்பில் துரப்பணம் நேர்நிற்றல் அரிது. அச்சுக்கு முற்றிய மூங்கிலை மூன்று நூற் கனத்திற் சீவினோம். அக்ரோட்டு ஒரே அழுத்தில் உடைந்தது. யாம் வென்றோம் என்று எண்ணினோம்.

இரண்டாம் பிழை

அவ்வெற்றிக் களிப்பிற் பாவையின் பழைய வண்ணம் எமக்குப் பொலிவற்றதாகத் தோன்றிற்று. உப்புத்தாளை எடுத்து அதன் இடக்கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கினோம். முழுதுந் தேய்த்துப் புதுவண்ணம் பூசிப் பாட்டியார்க்குக் காட்டி வியப்பூட்டுவது எம் கருத்து. கன்னத்துச் செம்மையும் கண்ணின் கீழிமையிற் பாதியும் போயின பின்னர்ப் பாட்டியார் அவ்வழி வந்தார். ஒன்றும் கடிந்திலர். மேசைமீதிருந்த புது நெம்புகோலைப் பார்த்தார், பின், "பழைய பிடி எங்கே, கண்ணு?" என்று மட்டும் வினவினார்.

அது குப்பைக் கூடையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தோம். அதன் நுனியில் வண்ணம் முற்றும் தேய்ந்து, மரம் சிறிது குழிந்து, எண்ணெய் பூசியது போல் மின்னிற்று. பாட்டனாரின் பெருவிரல் ஐம்பது கிறிஸ்துமஸ்களுக்கு மேலாக அழுத்திய இடம் அது. பாட்டியார் தம் பெருவிரலை அக்குழியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். யாம் அதனைப் 'பழுது' என்று கருதி எறிந்தோம். கன்னத்தையும் அவ்வாறே கருதித் தேய்த்தோம். எறிந்ததை எடுத்துவிட்டோம், தேய்த்தது மீளவில்லை.

செப்பனிடுதற்குரிய நெறிகள்

அன்று முதல் புதிதாக்குதலும் செப்பனிடுதலும் வெவ்வேறென உணர்ந்தோம். காட்சிச்சாலைகளிற் பழம்பொருள் பேணுவோர் கைக்கொள்ளும் நெறிகளை நூல்வழி அறிந்து பின்பற்றலாயினோம். அவற்றுள் இன்றியமையாதன வருமாறு:

ஒன்று: தொடங்குமுன் பொருளின் நிலையை எழுத்தாலும் படத்தாலும் பதிவு செய்க. எது முன்பே இருந்தது, எது நம்மாற் சேர்ந்தது என்பது பின்வருவோர்க்குத் தெரிதல் வேண்டும்.

இரண்டு: அழுக்கை நீக்குக, வண்ணத்தை நீக்கற்க. எச்சில் தொட்ட பஞ்சை மெல்ல உருட்டி அழுக்கெடுத்தல் பேணுநர் இன்றும் கையாளும் முறை. உமிழ்நீரிலுள்ள செரிபொருள்கள் அழுக்கை இளக்கும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அவற்றைத் தேய்த்தெழுந் தூள் நஞ்சாம். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2017-இல் தான் நடைமுறைக்கு வந்தது. எம் உப்புத்தாள் இவ்வகையிலும் பிழையே.

மூன்று: மீண்டும் பிரிக்கத்தக்க பசையையே இடுக. விலங்குத்தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் அத்தன்மையது. அதனை நேரே தீயில் வையாது, வெந்நீர்க் கலத்தினுள் மற்றொரு கலத்தில் வைத்து இளக்குக. வெம்மையும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். எம் பாவையின் கைகால்கள் வெள்ளத்திற் பிரிந்தமை வச்சிரத்தின் குறையென்று முன்னர் எண்ணினோம். அதுவே நலமாயிற்று, பசை இளகியதால் உறுப்புக்கள் உடையாமல் தனித்தனியே கழன்றன. விட்டுக்கொடாத பசையாயின் மரமே கிழிந்திருக்கும்.

நான்கு: பழைய உறுப்பிற் கெட்ட பகுதியை மட்டும் மாற்றுக. இதுவே எம் வினாவிற்கு விடையாயிற்று. பழைய நெம்புகோலில் தாடையும் துளையும் கெட்டன, பிடி கெடவில்லை. ஆதலின் அச்சுக்குப் பின்னே பிடியின் பகுதியில், அரை அங்குலக் கனத்திற்கு மூன்று அங்குல நீளமாகச் சாய்வாக அறுத்தோம். புதிய பூவரசந் தாடையின் பின்பகுதியையும் அவ்வாறே சாய்த்தறுத்து இரண்டையும் வச்சிரத்தால் ஒட்டி, இரு மூங்கில் ஆணிகளால் தைத்தோம். சாய்வு நீளமாயின் ஒட்டும் பரப்பு மிகும்; ஆதலின் வலிமை மிகும். விசை மிகுதியாகத் தாக்கும் அச்சிடத்தைப் புதுமரமே தாங்குகின்றது. கை தொடும் நுனியோ பழையதே. பெரியப்பா நடுங்குங் கையால் அவ்விணைப்பைத் தடவிப் பார்த்து, "நகம் தடுக்கவில்லை" என்றார். அவரிடம் யாம் பெற்ற பட்டம் அதுவே.

முடிவு

தாடிக்குப் பாட்டனாரின் பழைய கம்பளிப் போர்வையினின்று நூல் எடுத்து ஒட்டினோம். இடக்கன்னத்தை வண்ணம் பூசாமல் வெறுமரமாகவே விட்டுவிட்டோம். பூசியிருக்கலாமே என்பார் உளர். பூசினால் அஃது எம் பிழையை மறைக்குமேயன்றிப் பழைய வண்ணத்தைத் தாராது. அடித்தளத்தின் உட்புறத்தில், தாடையும் தாடியும் புதியன என்றும், இடக்கன்னம் எம்மாற் கெட்டது என்றும், ஆண்டொடு மையால் எழுதி வைத்தோம்.

கிறிஸ்துமஸ் மாலையில் அதனைப் பாட்டியார் முன் வைத்தோம். வாயில் ஒரு வேர்க்கடலையை இட்டு, பிடியின் குழியிற் பெருவிரலைப் பொருத்தி, தாமே அழுத்தினார். ஓடு உடைந்தது. பற்களின்மையின் பருப்பை அவர் உண்ணவில்லை. பக்கத்திலிருந்த குழந்தைக்கு ஈந்தார். மற்றொரு கடலையை இட்டார். தட்டு நிறையும்வரை அவர் நிறுத்தவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய துணிமுடிச்சு ஒன்று இருத்தல் கூடும். அதனை அவிழ்க்குமுன், அப்பொருளைக் கையாண்டவர் எவரேனும் இன்னும் உளராயின், அவரிடம் சென்று அதில் எதனைத் தொடலாகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நார் ஓடும் திசையை மரம் கூறும். இதனை மரம் கூறாது.